மடிக்கணனி கொதிக்கும்போது

குளிர்காலம் தொடங்கியதும் எம்மவர் வீடுகளில் மடிக்கணனிகளும் கட்டிலுக்குப் போய்விடுகின்றன. போர்வைக்குள் இருந்தவாறே ஊரோடு பேசுகின்றோம். பிள்ளைகள் மெத்தையிற் படுத்தபடி பாடம் எழுதுகின்றனர். சில கிழமைகள் செல்லமுன்னரே முறைப்பாடு எழுகின்றது: கணனி அடுப்பாய்க் கொதிக்கின்றது, விசிறி இரைகின்றது, திடீரென நின்றுவிடுகின்றது.

இதனைச் சிறு தொல்லையென ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் குடிவரவு, அகதிகள் சபை 2020ஆம் ஆண்டு முதல் அகதிக் கோரிக்கை விசாரணைகளிற் பெரும்பாலானவற்றைக் காணொளி மூலமே நடத்தி வருகின்றது. சபை உறுப்பினர் வினாத் தொடுத்து, மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் வேளையில் திரை கறுத்துப் போனால், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவரின் நிலை என்னாகும்?

கணனியின் மூளையாகிய செயலி, தான் உட்கொள்ளும் மின்சாரம் முழுவதையும் இறுதியில் வெப்பமாகவே வெளியிடுகின்றது. மெல்லிய மடிக்கணனிகளில் இது 15 வாற்று அளவில் இருக்கும். வலுக்கூடியவற்றில் 45 வாற்றையும் தாண்டும். விரல்நக அளவான சிலிக்கன் துண்டொன்றுக்கு இது பெருஞ்சூடு. அதனை அகற்றுவது ஒரு செப்புக் குழாய். காற்று அகற்றப்பட்டு அடைக்கப்பட்ட அக்குழாயினுள் சிறிதளவு திரவம் உண்டு. சூடான முனையில் அது ஆவியாகின்றது. மறுமுனையில் குளிர்ந்து, சட்டி மூடியில் நீராவி துளியாவது போல மீண்டும் திரவமாகித் திரும்புகின்றது. இவ்வகைக் குழாயை 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பவர் செய்து காட்டினார். குழாயின் குளிர்முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றினூடாக விசிறி காற்றைத் தள்ளுகின்றது. அந்த வழி அடைபட்டால் எல்லாமே வீண்.

வெப்பம் 100 பாகை சென்ரிகிரேட்டை நெருங்கும்போது பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைக்கின்றன. அதுவும் போதாவிடின் கணனி அணைந்துவிடும். இவ்வேகக் குறைவைக் கண்டு "வைரஸ் புகுந்துவிட்டது" என்று கடைக்குக் கொண்டோடி, தேவையற்ற வேலைக்குப் பணம் கொடுப்போர் எம்மிடையே குறைவில்லை.

எதற்கும் முன்னர், வழக்குப் பத்திரங்களையும் படங்களையும் வேறோரிடத்திற் பிரதி செய்துகொள்ளுங்கள். பின்னர் கணனியைக் கடினமான மேசையில் வைத்து அரை மணிநேரம் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி மெத்தைதான். பெரும்பாலான மடிக்கணனிகள் அடிப்புறத்தாலேயே காற்றை உறிஞ்சுகின்றன. அடங்காவிடின், விண்டோஸ் கணனியில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்துங்கள். எந்த நிரல் செயலியை விழுங்குகின்றது என்பது பட்டியலிற் தெரியும். அதனை மூடிவிட்டுக் கணனியை மீளத் தொடக்குங்கள். மூடியை மாத்திரம் சாத்துவது கணனியை நிறுத்துவதாகாது.

எந்த வேலையும் இல்லாதபோதும் விசிறி அலறி, பக்கத் துவாரத்தால் வரும் காற்று மெலிந்திருந்தால், அது தூசி. அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் அமைந்த வாழ்க்கையில் தாளிதப் புகையின் எண்ணெயும் அத்தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடுகின்றது. கணனியை அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றி, அழுத்தக் காற்றுக் குப்பியை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாக ஊதலாம். அப்போது விசிறி சுழலாதபடி பல்லுக்குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளிபோற் படிந்திருப்பின் வெளியிலிருந்து ஊதிப் பயனில்லை. அடிமூடியைத் திறந்தே அகற்றவேண்டும். செயலிக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள வெப்பப் பசையும் ஆண்டுகள் செல்ல உலர்ந்துவிடும். அதனை மாற்றுவது கைதேர்ந்தவர் வேலை. கூலியை முன்கூட்டியே கேட்டறிவது நன்று. பல்கனிப் பனியிலோ குளிர்பெட்டியிலோ வைத்து ஆற்றுவது மட்டும் வேண்டாம். உள்ளே நீர் படிந்தால் கணனியே போய்விடும்.

கை வைக்கும் பகுதி சுட்டால் பற்றறியிலும் ஒரு கண் வேண்டும். தொடுபலகை மேலெழுந்திருந்தால், அல்லது மேசையில் கணனி ஆடினால், பற்றறி வீங்கியிருக்கலாம். உடனே பாவனையை நிறுத்துங்கள்; மின்னேற்றவோ குத்திப் பார்க்கவோ கூடாது. குப்பையில் எறியாது, பற்றறி சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படையுங்கள். 2006 ஓகஸ்டில் டெல் நிறுவனம் 41 இலட்சம் மடிக்கணனிப் பற்றறிகளைத் தீ அபாயம் கருதி மீளப் பெற்றதென்றால், இது வீண் பயமன்று.

விசாரணை நாளன்று கணனி மேசையில் இருக்கட்டும். ஏனைய நிரல்கள் மூடப்பட்டிருக்கட்டும். அதே இணைப்பு கைத்தொலைபேசியிலும் திறக்கின்றதா என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணியின் இலக்கத்தைக் கணனியில் அன்றி, ஒரு தாளில் எழுதி அருகில் வையுங்கள்.