இன்ஜின் பாகம் இங்கிலாந்திலிருந்து வந்துடுச்சு... பின்கதவுக்கு எங்கே போக?

பெரியப்பா வீட்டு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் பல வருடங்களாகச் செங்கல் மேல் நின்றிருந்தது அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969 மாடல், நாலு கதவு. பெரியம்மா பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும், அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்ததும் அதில்தான். சதாபிஷேகம் முடிந்த மறுநாள், வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள், “இதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடணும்டா” என்றார் பெரியப்பா.

பணத்தைச் சேர்த்தால் போதும், ஆறு மாதத்தில் ரோட்டில் இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தோம். பணம் இரண்டாவது பிரச்னை, பாகங்கள்தான் முதல் பிரச்னை என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த காரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எங்கள் அவஸ்தை விளங்கும். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதைச் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1960-களின் தொடக்கத்திலிருந்து 948 சிசி இன்ஜினோடு தயாரித்தது. ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்பது இங்கே வைத்த பெயர். அதாவது, அம்பாசடர் கல்கத்தா பக்கத்துக்காரர், ஃபியட் பம்பாய்க்காரர் என்றால், ஹெரால்டு நம்ம ஊர்ப்பிள்ளை.

இங்கிலாந்தில் ஹெரால்டு சலூனுக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். இந்தியக் குடும்பம் ஏறி இறங்க அது வசதிப்படவில்லை. 1968-ல் சென்னைத் தொழிற்சாலை, இந்தியாவுக்காகவே நாலு கதவு வைத்து ‘மார்க் 3’ மாடலைக் கொண்டுவந்தது. 1971-ல் ஹெரால்டு உற்பத்தி முடிந்து, அதன் அடிப்படையிலேயே ‘கெஸல்’ வந்தது. ஆக, நாலு கதவு ஹெரால்டு பிறந்தது மூன்று, நான்கு வருடங்கள் மட்டுமே. அதுவும் உலகத்திலேயே சென்னையில் மட்டும். கேட்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் தேடிப் போகும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

கொரியரில் வந்த பாதி கார்

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் தயாரான ஹெரால்டு ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. அதன் முன்பக்க சஸ்பென்ஷன், பிரேக், இன்ஜின் பாகங்கள் பலவும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற மற்ற மாடல்களிலும் இருந்தவை. அதனால் அங்கே பழைய ட்ரையம்ஃப் வைத்திருப்பவர்களுக்கென்றே சங்கங்களும் கடைகளும் இருக்கின்றன. கேஸ்கட், பேரிங், வாட்டர் பம்ப், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்க முடிகிறது. சுங்க வரி கட்டும்போது மட்டும் பெரியம்மாவிடம் தொகையைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்டர் போடும் முன் இன்ஜின் எத்தனை சிசி என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கிலாந்து ஹெரால்டு பிற்காலத்தில் 1147, 1296 சிசி என்று பெரிதாகிவிட்டது. நம்முடையது 948-லேயே நின்றுவிட்டது. ஹெரால்டு என்று மட்டும் சொன்னால் பெரிய இன்ஜினின் பிஸ்டன் வந்து சேரும். எங்களுக்கு கேஸ்கட் செட் ஒன்று அப்படித்தான் வந்தது. இப்போது ஷோகேஸில் இருக்கிறது.

கதவு விஷயத்தில் இங்கிலாந்து கையை விரித்துவிட்டது. இரண்டு கதவு காரின் கதவு நீளமானது. நம் காரில் முன்கதவுக்கே அது பொருந்தாது. பின்கதவு என்ற ஒன்றே அங்கே கிடையாது. பின்கதவின் தகடு, கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர் பீடிங், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் எல்லாம் இங்கேதான் கிடைத்தாக வேண்டும்.

புதுப்பேட்டையில் ஒரு நாள்

எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டைக்கு முதல் தடவை போனபோது, கைப்பேசியில் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். நாலு கடையிலும் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். ஐந்தாவது கடைக்காரர்தான், “சாம்பிள் எங்கே?” என்றார். அதுதான் அந்தச் சந்தையின் மொழி. உடைந்துபோனதாக இருந்தாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும். துளைக்குத் துளை வைத்துப் பார்த்து, “இது இல்லை, ஆனா அண்ணன் ஒருத்தர்கிட்ட இருக்கும்” என்று அடுத்த ஆளைச் சொல்வார்கள். அந்த ‘அண்ணன்’தான் முக்கியம். இன்று என்ன வாங்கினோம் என்பதைவிட, யார் யாருடைய நம்பர் கிடைத்தது என்பதில்தான் அந்த நாளின் லாபம்.

அடுத்த இடம், மூடிக்கிடக்கும் ஒர்க்‌ஷாப்களின் பரண். மதுரை, திருச்சி, கோவை மாதிரி ஊர்களில் ஒரு காலத்தில் ஓஹோவென்று நடந்த ஸ்பேர்ஸ் கடைகளில், விற்காமல் தங்கிய சரக்கு அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கும். பையன் சாஃப்ட்வேர் வேலைக்குப் போயிருப்பார். பெரியவர் காலையில் கடையைத் திறந்து, பேப்பர் படித்துவிட்டு, மதியம் பூட்டிவிட்டுப் போவார். அவரிடம் அவசரப்பட்டு விலை கேட்கக் கூடாது. இது என்ன வண்டி, யார் ஓட்டியது என்று முதலில் சொல்லுங்கள். பெரியப்பாவையே கூட்டிக்கொண்டு போனதில், ஒரு கடையில் காபி வந்தது; பேச்சு முடிந்து கிளம்பும்போது துணியில் சுற்றிய டெயில் லைட் கண்ணாடி இரண்டும் வந்தன.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். நம்பர் பொறித்த இன்ஜின், சேஸி விஷயத்தில் ஆவணம் இல்லாமல் கையை வைக்காதீர்கள். வேறு இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிந்து ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும்.

ஒரிஜினல் எதுக்கு, புதுசு எதுக்கு?

ஒரிஜினல் பாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வார்ப்பிலேயே எழும்பியிருக்கும் எண், கண்ணாடி மூலையில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரை இவை முதல் அடையாளம். இரண்டாவது, மரை. ஹெரால்டு இங்கிலாந்து வம்சம் என்பதால் இன்ச் அளவு மரை. மில்லிமீட்டர் நட்டைப் பலவந்தமாக முறுக்கி, மரையைத் தின்றுவிட்ட போல்ட்டுகள் எங்கள் காரிலேயே ஒரு டப்பா நிறைய கிடைத்தன. மூன்றாவது, எடை. பிற்காலத்தில் வந்த மாற்றுத் தகடுகளைக் கையில் தூக்கினாலே பல நேரம் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

ஆனால், எல்லாவற்றையும் ஒரிஜினலாகத்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் குழாய் இதெல்லாம் பெட்டி பிரிக்காத 1969 சரக்காகக் கிடைத்தால்கூட வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். டயரும் அப்படித்தான். அதில் பெரியப்பாவும் நானும் மோதிக்கொண்டோம். பெரியம்மா என் பக்கம் நின்றதால் புது ஹோஸ் வந்தது.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை, மரைபோட்டு இந்த மஞ்சள் உலோகக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சுழலும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் போட வேண்டும். பல மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே இறுகி, ஈரம் சேர்ந்து, தண்டு அரித்து, ஒருநாள் ஒடிந்து சக்கரம் சாய்ந்துவிடும். கழற்றிப் பார்த்தபோது எங்கள் இடது பக்கத் தண்டில் அரிப்பு தெரிந்தது. இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினோம்.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில் நடந்தது. புறநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட்டுக்கு விட்டிருந்தோம். கழற்றிய சின்னப் பாகங்களை ஒரே சாக்கில் போட்டுவைத்திருந்தார்கள். இடம் மாற்றும்போது அந்தச் சாக்கு பழைய இரும்போடு போய்விட்டது. இடது பின்கதவின் கண்ணாடி மெஷின், உள்கைப்பிடிகள், பானட் எழுத்துகளில் பாதி எல்லாம் அதில்தான் இருந்தன. வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தத்தை எங்கே போய் மாட்டுவது? கார் விடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்கள். கழற்றியதைத் தனித்தனி பையில் போட்டு, பெயர் எழுதி, வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.

உடைந்திருந்த வலது பின்கண்ணாடிக்கு வழி கிடைத்தது. மிச்சத்தைச் சேர்த்து அட்டையில் அச்சு எடுத்து, கண்ணாடியை அதன்படி வெட்டி, துளை போட்டு, பிறகுதான் டெம்பர் செய்தார்கள். இந்த வரிசை மாறக் கூடாது. டெம்பர் ஆன கண்ணாடியில் கை வைத்தால் தூளாகிவிடும்.

ஐம்பது வயது தாண்டிய கார்களை ‘வின்டேஜ்’ எனப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் ‘வி.ஏ’ எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். சேஸி, பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் கார் அதற்குத் தகுதியானதுதான். ஆனால், அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியாத கார் எதற்கு என்று பெரியப்பா கேட்டுவிட்டார். பழைய ஆர்.சி-யையே புதுப்பித்துக்கொண்டோம்.

கார் இப்போது ஓடுகிறது. சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால், எங்கள் முட்டுச் சந்தில் அக்கா மகனின் புது கார் ரிவர்ஸ் எடுத்துத் திணறும்போது, பெரியப்பா ஒரே திருப்பில் வெளியே வந்து ஹார்ன் அடிக்கிறார். இடது பின்கதவு மெஷின் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. உள்ளே மரக்கட்டையை முட்டுக்கொடுத்துக் கண்ணாடியை மேலே நிறுத்தியிருக்கிறோம். திருச்சியில் ஒரு பரணில் நாலு கதவு ஹெரால்டின் கதவு ஒன்று கிடப்பதாகப் புதுப்பேட்டை அண்ணன் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கக் கதவு என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம்.