கடிதம் போட்டால் வீடு வரும்!

புத்தகம், கடிகாரம், விதை எல்லாம் அந்தக் காலத்தில் வி.பி.பி. தபாலில் வரவழைத்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு முழு வீட்டையே கடிதம் போட்டு வரவழைத்த கதை தெரியுமா? கதை இல்லைங்க, நிஜம்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ரிச்சர்ட் சியர்ஸ் என்பவர் சின்ன ரயில் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். 1886-ல் ஒரு கடைக்காரர் வேண்டாம் என்று விட்ட கடிகாரங்களை அவர் வாங்கி விற்றார். நல்ல லாபம். வேலையை விட்டுவிட்டார். பிறகு கடிகாரம் பழுது பார்க்கும் ஆல்வா ரோபக் கூட்டு சேர, சிகாகோவில் ‘சியர்ஸ் ரோபக்’ கம்பெனி வளர்ந்தது. தடிமனான விலைப்பட்டியல் புத்தகம் அச்சடித்து கிராமம் கிராமமாக அனுப்புவார்கள். தையல் மெஷினிலிருந்து கல்லறைக் கல் வரைக்கும் அதில் இருந்தது!

1908-ல் வீட்டையும் சேர்த்துவிட்டார்கள். படத்தைப் பார்த்துப் பிடித்த வீட்டுக்குப் பணம் கட்டினால், மரம், கதவு, ஜன்னல், ஆணி, பெயின்ட் எல்லாம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 உருப்படிகள் கூட வருமாம். செங்கல், சிமென்ட் மட்டும் உள்ளூரில் வாங்கணும். 1940 வரை 70,000-க்கு மேல் விற்றிருக்கும் என்கிறார்கள்.

ஏன் ‘இருக்கும்’ என்று சொல்கிறேன்? வீடு விற்ற பிரிவை மூடிய பிறகு அந்தக் கணக்குகளை எல்லாம் கம்பெனியே தூக்கிப் போட்டுட்டாங்க! எந்த ஊரில், யாருக்கு விற்றது என்ற பட்டியல் கிடையாது. அப்படியானால் இந்தக் கம்பெனியின் வரலாற்றை எப்படி எழுதுவது? எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி.

ஆராய்ச்சி செய்பவர்கள் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு வீட்டின் அடித்தளத்துக்கும் பரணுக்கும் போகிறார்கள். கம்பெனியிலேயே அளவாக அறுத்து அனுப்பிய உத்திரங்களின் நுனியில் ஓர் எழுத்தும் சில எண்களும் முத்திரை குத்தியிருக்கும். எதை எதோடு சேர்க்கணும் என்பதற்கான அடையாளம் அது. என் சித்தப்பா தச்சு வேலை செய்பவர். “நாங்களும் நிலை, சட்டம் மாறிடக் கூடாதுன்னு பென்சில்ல குறி போடுவோம்” என்றார். ஆனால் ஆரம்ப வருட வீடுகளில் இந்த முத்திரை இருக்காது. அப்போது மரம் அறுக்காமல்தான் வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அலாடின் என்ற கம்பெனியும், மாண்ட்கோமெரி வார்ட் கம்பெனியும் இதே மாதிரி வீடு விற்றன. அதனால் ‘எங்க வீடு சியர்ஸ் வீடு’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலரின் வீடு வேறு கம்பெனி வீடாக இருக்கிறது. அலாடின் கம்பெனியின் ஆவணங்கள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன. பெரிய கம்பெனி தொலைத்தது, சின்ன கம்பெனி காப்பாற்றியது!

முத்திரை இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்? நம்ம ஊரில் நிலம் வாங்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அதே வேலைதான். சியர்ஸ் கம்பெனி 1911 முதல் வீடு கட்டக் கடனும் கொடுத்தது. அந்த அடமானப் பத்திரங்கள் அந்தந்த ஊர் அரசு அலுவலகத்தில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் கம்பெனி சார்பில் இருந்தவரின் பெயர் தெரிந்தால் போதும், ஒரு மாவட்டத்தில் யார் யார் வீடு வாங்கினார்கள் என்று பிடித்துவிடலாம்.

இதில் வருத்தமான விஷயம் ஒன்று. 1930-களில் அங்கே கடும் பொருளாதார மந்தம் வந்தது. வேலை போனவர்களால் தவணை கட்ட முடியவில்லை. சியர்ஸ் தன் வாடிக்கையாளர்களின் வீடுகளையே கடனுக்காக எடுத்துக்கொண்டது. தன் கையால் ஆணி அடித்துக் கட்டிய வீட்டை விட்டுப் போவது எப்படி இருந்திருக்கும்! பணம் மொத்தமாகக் கட்டி, கடனில்லாமல் வாங்கியவர்களின் பெயர் இந்தப் பத்திரங்களில் இல்லை. கடன்பட்டவர்களின் பெயர்தான் இருக்கிறது.

பெரிய விலைப்பட்டியல் புத்தகம் 1993-ல் நின்றது. 2018-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. இல்லினாய் மாநிலத்தில் கார்லின்வில் என்ற ஊரில், சுரங்க வேலைக்காரர்களுக்காக 1918-ல் ஓர் எண்ணெய்க் கம்பெனி ஆர்டர் கொடுத்த 150-க்கும் மேற்பட்ட சியர்ஸ் வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி