முயல்செவியும் அதன் நச்சுக் குடும்பமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினால், மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. நிழல்மரங்களுக்கு அடியில் ஈரம் வற்றாத மண்ணில் ஏலச்செடியோடு களைகளும் செழிக்கின்றன. இந்த மலைச்சரிவுகளில் வளரும் களைகளில் இரண்டைத் தனியே அறிந்துகொள்வது நல்லது. ஒன்று, ஊதாக் குஞ்சமாகப் பூக்கும் முயல்செவி. மற்றொன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து வெப்பநாடுகளெங்கும் பரவிவிட்ட கிராசோசெபாலம். இதன் செங்கல் நிறப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். முற்றிய விதைகள் வெண்பஞ்சாகப் பறக்கும். ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களில் மஞ்சளாகப் பூத்து, குதிரைகளையும் மாடுகளையும் கொல்வதால் பெயர்கெட்ட ராக்வொர்ட்டுக்கு இவ்விரண்டும் நெருங்கிய உறவு. சூரியகாந்திக் குடும்பத்தில் செனிசியோ கிளையைச் சேர்ந்தவை. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. எந்தச் செடி, எந்தப் பருவம் என்று தெரிந்து களையெடுப்பதே போதிய பாதுகாப்பு.

இந்தக் கிளையின் ஆயுதம் பைரோலிசிடின் ஆல்கலாய்டு எனப்படும் வேதிப்பொருள். செனிசியோ செடிகள் இதை வேரில் தயாரித்து, தண்டு வழியாக இலைக்கும் பூவுக்கும் அனுப்புகின்றன. இதற்கான முதல் நொதி எங்கிருந்து வந்தது என்பதை 1999-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஓபரும் ஹார்ட்மனும் காட்டினார்கள். எல்லாச் செடிகளின் உயிரணுக்களிலும் வேறொரு வேலை செய்துவரும் பழைய நொதி ஒன்றின் மரபணு இரட்டித்திருக்கிறது. ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர, மற்றது நச்சு தயாரிக்கும் வேலைக்கு மாறியிருக்கிறது. செடியில் இருக்கும் நிலையில் இந்தப் பொருள் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. தின்ற விலங்கின் குடலிலும் கல்லீரலிலும் அது மாற்றமடையும்போதுதான் மரபணுப் பொருளையே பற்றிக்கொள்ளும் நஞ்சாகிறது. ராக்வொர்ட்டில் உள்ள ஜாகோபைன் என்ற அதே ஆல்கலாய்டு கிராசோசெபாலத்திலும் இருக்கிறது. முயல்செவியில் இருப்பது செங்கிர்கைன்.

மனிதரிடம் இதன் விளைவு என்ன என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1920-இல் தென்னாப்பிரிக்காவில், செனிசியோ கலந்த கோதுமை மாவில் சுட்ட ரொட்டியால் கல்லீரல் நோய் வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1975-இல் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை இனச் செடியொன்றின் விதை கலந்து 67 பேர் நோயுற்றனர்; 28 பேர் இறந்தனர். கிலுகிலுப்பை வேறு குடும்பம்தான், ஆனால் நஞ்சு இதே வகை.

முயல்செவி காலங்காலமாக மருந்துச் செடி, கேரளத்தில் தசபுஷ்பங்களில் ஒன்று, அது எப்படிக் கெடுதலாகும் என்று கேட்பது நியாயமே. உடனே கொல்லும் நஞ்சாக இருந்தால் அனுபவமே அதை விலக்கியிருக்கும். இதுவோ சிறிது சிறிதாகச் சேர்ந்து கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். மாதங்கள் கழித்து வரும் நோயையும் என்றோ குடித்த கஷாயத்தையும் இணைத்துப் பார்ப்பது அனுபவத்துக்கு எளிதல்ல. அதனால் வெளிப்பூச்சையும், நாள்கணக்கில் உள்ளுக்குக் குடிப்பதையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

ஏலக்காயைச் சரத்திலிருந்து கையால் பறிக்கிறோம், களை எப்படிக் கலக்கும் என்பது அடுத்த கேள்வி. நேரடியாகக் கலக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் நடந்த சோதனைகள், பிடுங்கிப்போட்ட நச்சுக் களை அழுகும்போது ஆல்கலாய்டு மண்ணில் இறங்குவதையும், பக்கத்துச் செடியின் வேர் அதை உறிஞ்சுவதையும் காட்டின. களையை ஏலத்தூரிலேயே மூடாக்காகப் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. சந்தையும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் ஒரு கிலோ தேயிலையில் 150 மைக்ரோகிராம், சீரகத்தில் 400 மைக்ரோகிராம் என்று இந்த ஆல்கலாய்டுகளுக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. நறுமணப் பயிரை நம்பி வாழும் ஊருக்கு இது முன்னறிவிப்பு.

அப்படியானால் களைக்கொல்லி அடித்து அடியோடு ஒழித்துவிடலாமே என்றால், அது பெரிய இழப்பாகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கீழைச் சமவெளிக்கும் இடையே ஆண்டுதோறும் வலசை போகும் நீலவரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள், இவ்வகை ஆல்கலாய்டுள்ள செடிகளைத் தேடிச் சென்று உறிஞ்சுகின்றன. அதைக்கொண்டே பெண்ணைக் கவரும் மணத்தை உருவாக்குகின்றன, பறவைகளிடமிருந்தும் தப்புகின்றன. ஏலப்பூவில் காய் பிடிப்பதோ தேனீக்களால். களைக்கொல்லியால் தோட்டத்தின் பூக்களெல்லாம் அழிந்தால், ஏலம் பூக்காத மாதங்களில் தேனீக்கள் எதை நம்பும்?

எனவே செய்யவேண்டியது எளியது. தூரிலும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள இவ்விரு செடிகளையும் பூக்கும் முன்னரே பிடுங்க வேண்டும். உணவு, தீவனங்களில் இந்த ஆல்கலாய்டு கலப்பதைத் தடுக்க 2014-இல் கோடெக்ஸ் உணவுத்தர அமைப்பு வெளியிட்ட களைக்கட்டுப்பாட்டு நெறிமுறையின் நோக்கமும் இதுவே. பிடுங்கியதை மாட்டுக்குப் போடாமல், தூரில் குவிக்காமல், ஒதுக்குப்புறத்தில் நன்றாக மக்கவிட வேண்டும். மயிலாடும்பாறையிலுள்ள ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் இந்த மலையின் களைகளையும் மண்ணையும் காயையும் தொடர்ந்து அளந்து, முடிவுகளை விவசாயிகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வாங்குபவர் சோதித்துச் சொல்லும்வரை காத்திருப்பதைவிட, விளைவிப்பவர் முதலில் அறிந்திருப்பதே ஏலமலைக்குப் பாதுகாப்பு.