ஊர்த் தரவையைப் பேணும் முறை

அற்பமானவற்றைச் சுட்டுதற்குப் புல்லை எடுத்துக் கூறுதல் நம்மவர் வழக்கு.  ஆயினும், வானின் சிறப்பை நிறுவ வந்த வள்ளுவர் புல்லையே சான்றாகக் கொண்டார். மழையின்றேற் புல்லும் இல்லை என்பது அவர் கருத்து. புல்லில்லா நிலத்திற் பெய்த மழை தங்குவதில்லை என்பதும் அதனோடொத்த உண்மையே. யாழ்ப்பாணத்தில் வாழும் நாம் இதனை மறத்தலாகாது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. ஐப்பசி முதலாகப் பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுட் புகுந்து, கீழுள்ள உப்புநீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. நம் கிணறுகள் ஊறுவது அந்நீராலேயே. குடிமனைகளின் நடுவே கிடக்கும் தரவை, மழைநீரின் ஓட்டத்தைத் தடுத்து, தன் வேர்கள் துளைத்த மண்ணின் வழியே அதனைக் கீழிறக்குகின்றது. அத்தரவையை மண்ணிட்டு மேவிச் சீமெந்தால் மூடினால், நீர் தெருவழியே ஓடிக் கடலைச் சேரும்.

அங்ஙனமாயின், தரவையை ஒன்றுஞ் செய்யாது விட்டுவிடின் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. புல்லின் வளர்முனை நிலத்தை ஒட்டி அடியில் உள்ளது. ஆகலின், நுனியைக் கொய்யினும் அது மீண்டும் தழைக்கும். புதர்ச்செடிகளின் வளர்முனைகளோ கிளை நுனிகளில் உள்ளன. பலகாற் கொய்யப்படின் அவை நலியும். முற்காலத்தில் மாடும் ஆடும் மேய்ந்தமையால் தரவை தரவையாக நிலைத்தது. மேய்ச்சல் ஒழிந்த இடத்திற் சில ஆண்டுகளில் நாயுண்ணியும் பிற புதர்களும் பரந்து, அறுகை நிழலால் மாய்த்துவிடும்.

எனவே, மேய்ச்சல் இல்லாதவிடத்து அரிவாள் வேண்டும். மாரி கழிந்து, புல் பூத்து விதை முற்றியபின் அறுத்தல் நன்று. நிலமட்டமாகச் சுரண்டாது நான்கு விரல் உயரம் விடுக. அறுத்த புல்லை இரண்டொரு நாள் அங்கேயே உலரவிடின் விதைகள் உதிரும். பின்னர் அதனை அள்ளி மாட்டுக்கு இடலாம். முழுவதையும் ஒரே முறையில் அறுத்தலும் தகாது. ஒரு பாதியை அறுத்து, அது தழைத்தபின் மறுபாதியை அறுத்தால், வண்ணத்துப்பூச்சிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் புகலிடம் எஞ்சும். கோடையில் தீயிடுதல் கூடவே கூடாது.

உரமிட்டால் தரவை செழிக்கும் என்பது மற்றொரு மயக்கம். இங்கிலாந்தில், றொதம்ஸ்தெட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில், லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1856 ஆம் ஆண்டிற் புல்வெளியொன்றைப் பல துண்டுகளாக்கிப் பரிசோதனை தொடங்கினர். அஃது இன்றும் நடைபெறுகின்றது. உரமிடாத துண்டுகளில் ஏறக்குறைய நாற்பது வகைப் பூண்டுகள் வாழ்கின்றன. நைதரசன் உரத்தை மிகுதியாகப் பெற்ற துண்டுகளிலோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே எஞ்சின. ஊட்டம் மிகுந்தவிடத்து வல்லது ஓங்க, மெல்லியவை மடிகின்றன. மேலும், நம் நாட்டில் மிகையான நைதரசன் நைத்திரேற்றாகி நாம் பருகும் கிணற்றுநீரிற் சேரும்.

களையெல்லாம் பகையன்று. ஆயின், அமெரிக்காவினின்றும் பரவிய பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு களைதல் வேண்டும். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை ஈனும். அது தோலில் அழற்சியை உண்டாக்குவதாகலின் கையுறையின்றித் தொடலாகாது.

அயலார் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பாம்பை எண்ணி அஞ்சுவோர்க்காக, வேலியோரத்தில் ஐந்தாறு அடி அகலத்திற்குப் புல்லை எப்போதும் குறுக அறுத்தல் தகும். டெங்கு நுளம்பு புல்லிற் பெருகுவதில்லை. நாம் தரவையில் எறியும் சிரட்டை, தகரப்பேணி, பிளாத்திக்குக் கிண்ணம் ஆகியவற்றில் தேங்கிய நீரிலேயே பெருகுகின்றது. அக்குற்றம் புல்லினதன்று, நம்மது.

தரவை எவருக்கும் தனியுடைமையன்று. ஆதலாலேயே அதனைப் பேணுவார் அருகினர். ஒவ்வொரு வீட்டுக் கிணறும் அதற்குக் கடன்பட்டிருத்தலை உணர்ந்து, ஆண்டில் ஓரிரு நாள் அயலார் ஒன்றுகூடி அரிவாள் எடுப்பாராயின், அக்கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும். மாணவர் இதற்கு முன்னிற்பாராக.