ஈயின் காலில் ஒரு நாக்கு

தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஓர் ஈ வந்து அமர்கிறது. கையால் விரட்டுகிறீர்கள். பறந்து போய், மீண்டும் அதே இடத்திற்கு வந்து அமர்கிறது. முன்னங்கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிறது. அது இளைப்பாறுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அது சுவை பார்க்க வந்திருக்கிறது; சுவை பார்க்கும் கருவியைத் துடைத்துத் தூய்மை செய்துகொள்கிறது. ஆம், ஈயின் நாக்கு அதன் வாயில் மட்டுமன்று, காலிலும் இருக்கிறது!

திருமறையின் அல்ஹஜ் அத்தியாயத்தில் ஈ ஓர் உவமையாக எடுத்துரைக்கப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அற்பமென்று நாம் ஒதுக்கும் அச்சிற்றுயிரிடம், உண்பதைப் பற்றி நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

பூச்சிகள் காலால் சுவை அறிகின்றன என்பதைச் சோதனை வாயிலாக மெய்ப்பித்தவர் ட்வைட் மின்னிச் என்னும் அமெரிக்க அறிஞர். 1921ஆம் ஆண்டு அவர் வண்ணத்துப்பூச்சிகளின் கால் நுனியில் சர்க்கரை நீரைத் தொட்டு வைத்தார். சுருண்டு கிடந்த உறிஞ்சுகுழல் உடனே விரிந்து நீண்டது. வெறும் நீரினும் இனிப்பு நீரைக் கால் பிரித்தறிந்தது. பசித்திருக்கும் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் கால், மனித நாக்கைவிட 200 மடங்குக்கும் மேல் நுண்ணியதாக இனிப்பை உணரக் கண்டு அவர் வியந்தார். பின்னர் ஈக்களிடத்தும் இதே ஆற்றலைக் கண்டார்.

இவ்வாற்றல் எங்கே பொதிந்திருக்கிறது? ஈயின் கால் நுனியிலும் வாயின் உதடுகளிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உரோமங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் உள்ளே துளையுடைய குழல். அதன் நுனியில் ஒரு சிறு துவாரம். உரோமத்தின் அடியில் சுவைக்கெனவே அமைந்த நரம்புச் செல்கள், பெரும்பாலும் நான்கு, குடியிருக்கின்றன. அவற்றின் மெல்லிய இழைகள் குழலின் வழியே ஏறி அத்துவாரம்வரை வந்து நிற்கின்றன. ஒரு செல் இனிப்பை உணரும். ஒன்று உப்பை உணரும். ஒன்று நீரை உணரும். மற்றொன்று கசப்பு, மிகை உப்பு போன்ற வேண்டாதவற்றை உணர்ந்து எச்சரிக்கும். ஐந்தாவதாக அடியில் அமைந்த ஒரு செல், உரோமம் எதன்மீதேனும் பட்டு வளைந்தால் அதைத் தெரிவிக்கும். ஓர் உரோமத்துக்குள் இத்தனை வேலைப் பங்கீடா என்று சிந்தித்துப் பாருங்கள்!

நம் நாக்கில் சுவையை உணரும் செல்கள் நரம்புச் செல்கள் அல்ல. அவை தாம் பெற்ற செய்தியை அருகிலுள்ள நரம்பிடம் ஒப்படைக்கின்றன. பூச்சியிடமோ சுவைத்த செல்லே நரம்பாக நீண்டு, செய்தியைத் தானே நரம்பு மையத்துக்குக் கொண்டு செல்கிறது. 1955ஆம் ஆண்டு ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் ஆகிய மூவரும் ஒரேயோர் உரோமத்தின் நுனியில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இந்நரம்புகள் எழுப்பும் மின் துடிப்புகளைப் பதிவு செய்தனர். 2000ஆம் ஆண்டளவில், பழ ஈயின் உடலில் சுவை ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களும் கண்டறியப்பட்டன. அவை ஏறத்தாழ 60 எனத் தெரிய வந்தது.

இல்லத்தரசிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் சோற்றின்மீது ஈ அமரும்போது அதன் கால்கள் சுவை பார்க்கின்றன. சற்றுமுன் அதே கால்கள் குப்பை மேட்டைச் சுவை பார்த்திருக்கக்கூடும். ஆதலால் பாத்திரங்களை மூடி வையுங்கள்.

இனி, பாடத்துக்கு வருவோம். இனிப்பைத் தொட்டவுடன் வாயை நீட்டும் ஈ, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் வின்சென்ட் டெதியர் என்னும் அமெரிக்க அறிஞர். ஈயின் பசியை நெடுங்காலம் ஆராய்ந்தவர். உண்ண உண்ணச் சுவை நரம்புகள் சிறிது நேரம் சோர்கின்றன. ஆனால் விரைவிலேயே மீண்டும் தெளிந்துவிடுகின்றன. எனவே நிறுத்துவது அவையல்ல. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிப் பார்த்தும் ஈயின் பசி அடங்கவில்லை. உணவு நிறைந்து முன்குடல் விரியும்போது, அங்கிருந்து மூளைக்குச் செல்லும் ஒரு மெல்லிய நரம்பே ‘போதும்’ என்று தடுக்கிறது. 1958ஆம் ஆண்டு டெதியரும் போடன்ஸ்டைனும் அந்நரம்பைத் துண்டித்த ஆய்வை வெளியிட்டனர். நரம்பு அறுந்த ஈ, குடிப்பதை நிறுத்த அறியாமல், வயிறு பலூனைப்போல் உப்பும்வரை குடித்துக்கொண்டே இருந்தது.

இதன் பொருள் என்ன? சுவை வாயிற்காவலனைப் போன்றது. ‘உள்ளே வரலாம்’ என்றும் ‘வராதே’ என்றும் சொல்ல அதற்குத் தெரியும். ‘போதும்’ என்று சொல்லத் தெரியாது. அது வயிற்றின் அதிகாரத்தில் உள்ள சொல்.

நம் இரைப்பையும் விரியும்போது நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் விருந்துகளில் நடப்பதென்ன? பிரியாணி முடிந்து கை கழுவப் போகிறவரை அமர்த்தி, ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று இனிப்பை வைக்கிறோம். நீரிழிவு நோயாளியிடமும், ‘இன்று ஒரு நாள்தானே’ என்று வற்புறுத்துகிறோம். அதனை அன்பு என்றும் நினைத்துக்கொள்கிறோம். மறுநாள் அவர் மருத்துவமனையில் வரிசையில் நிற்கும்போது அந்த அன்பு உடன் வருவதில்லை.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று வகுத்துத் தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை நாம் மேடைகளில் கேட்கிறோம். உணவு விரிப்பில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

அந்த ஈயின் நரம்பை ஆராய்ச்சியாளரின் கத்தி அறுத்தது. நம் நரம்பை எவரும் அறுக்கவில்லை. அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது, கேளாதிருப்பவர்கள் நாம். இன்று பகல் உணவுக்கு அமரும்போது, இரண்டாம் முறை கையை நீட்டுமுன் ஒரு கணம் நிறுத்தி அதன் குரலுக்குச் செவிசாயுங்கள். அருகில் அமர்ந்திருப்பவர் ‘போதும்’ என்று சொன்னால், அந்தச் சொல்லை மதித்துக் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.