ரத்தக்கட்டின் நிறம் நாள் சொல்லுமா?

அடிபட்ட இடம் சிவந்து, நீலம் பாரித்து, பச்சையாகி, மஞ்சளாகி மறையும் என்பது எல்லோரும் அறிந்தது. அதனால்தான் நிறத்தைப் பார்த்தே அடிபட்டு எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் வேரூன்றியிருக்கிறது. இந்தியத் தடயவியல் மருத்துவப் பாடநூல்களிலேயே இதற்கு ஓர் அட்டவணை உண்டு: முதலில் சிவப்பு, 3 நாள் வரை நீலம், 5, 6 நாளில் பச்சை, 7 முதல் 12 நாளுக்குள் மஞ்சள், 2 வாரத்தில் பழைய நிறம். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணுக்கும் பேசத் தெரியாத குழந்தைக்கும் உடம்பில் உள்ள தடமே பெரும்பாலும் முதல் சாட்சி. அந்தத் தடத்தின் நிறத்தை வைத்து நாள் குறிப்பது நியாயமும் அல்ல, அறிவியலும் அல்ல.

தோல் கிழியாமல், அதன் அடியிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்து தேங்குவதுதான் ரத்தக்கட்டு. கசிந்த சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு அணுக்கள் விழுங்குகின்றன. அவற்றுக்குள் ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி, ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியை உடைத்துப் பச்சை நிற பிலிவெர்டினாக்குகிறது. பிலிவெர்டின் பிறகு மஞ்சள் நிற பிலிருபினாகிறது. மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாவதற்குக் காரணமும் இதே பிலிருபின்தான். மிஞ்சும் இரும்பு ஹீமோசிடெரினாகத் தங்கிப் பழுப்பு நிறம் தருகிறது. ஆக, நிறமாற்றம் என்பது உடம்பு தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் வேலை.

இந்த வேலை எல்லா உடம்பிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கசிந்த ரத்தத்தின் அளவு, அது தேங்கிய ஆழம், வயது, உடம்பின் எந்தப் பகுதி என்பவற்றைப் பொறுத்து வேகம் மாறும். கண்ணிமையில் திசு தளர்வாக இருப்பதால் சிறு அடியிலேயே ரத்தம் பரவும். உள்ளங்கையில் பலத்த அடிகூடத் தடம் காட்டாமல் போகலாம். நெற்றியில் பட்ட அடி ஓரிரு நாள் கழித்துக் கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இறங்குவதும் உண்டு. ஒரே ஆளின் உடம்பில் ஒரே நேரத்தில் விழுந்த இரண்டு அடிகளே வெவ்வேறு நிறத்தில் தெரியலாம். கறுத்த தோலில் மஞ்சளும் பச்சையும் கண்ணுக்குப் புலப்படாமலே மறைந்துபோகும்.

1991இல் லாங்லுவா, கிரெஷம் என்ற இரு ஆய்வாளர்கள், நேரம் தெரிந்த ரத்தக்கட்டுகளின் ஒளிப்படங்களை ஆராய்ந்தார்கள். உறுதியாகச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: 18 மணி நேரத்துக்கு முன் மஞ்சள் தோன்றவில்லை. 2005இல் சபீன் மகுவயர் குழுவினர், குழந்தைகளைப் பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நிறத்தால் காயத்தின் வயதைக் கணிக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நிறத்தைக் கைவிட்டால் அடித்தவன் தப்பிவிட மாட்டானா என்று கேட்கலாம். உண்மையில் அவனுக்கு உதவுவதே அந்த அட்டவணைதான். நேற்று அடித்தான் என்று ஒரு பெண் சொல்லும்போது, காயம் மஞ்சளாக இருக்கிறது, ஆகவே ஒரு வாரப் பழசு என்று மருத்துவர் எழுதினால், அவளுடைய உண்மை பொய்யாகிவிடுகிறது. நிறத்தைவிட உறுதியான சான்றுகள் இருக்கின்றன. கம்பால் அடித்தால் நடுவில் வெளிறிய இரட்டைக் கோடு விழும். இறுக்கிப் பிடித்தால் மேற்கையில் விரல் தடங்கள் பதியும். இடமும் பேசும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 6 மாதத்துக்குட்பட்ட 366 குழந்தைகளில் 2 பேருக்கு மட்டுமே ரத்தக்கட்டு இருந்தது. நடக்கத் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல். தவழாத குழந்தைக்கு ரத்தக்கட்டு என்றால், அது என்ன நிறமாக இருந்தாலும் விசாரிக்க வேண்டிய செய்தி. சிறு குழந்தையின் காது, கழுத்து, மார்பு, வயிறு, முதுகில் இருந்தாலும் அப்படியே.

அடிபடாமலும் ரத்தம் கட்டுமே என்பது அடுத்த மறுப்பு. அது உண்மை. டெங்குவில் தட்டணுக்கள் குறைவதும், ஹீமோஃபிலியா, ரத்தப் புற்றுநோய், கல்லீரல் நோய் போன்றவையும், ஆஸ்பிரின், வார்ஃபரின், ஸ்டீராய்டு மருந்துகளும் காரணமாகலாம். பிறக்கும்போதே குழந்தையின் இடுப்பில் இருக்கும் நீல மச்சத்தையும் காயம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆனால் மச்சம் சில நாட்களில் நிறம் மாறாது. ஆகவே ரத்தப் பரிசோதனையும் மறுபார்வையும் அவசியம். பெற்றோர்மீது வீண்பழி விழாமல் காப்பவையும் இவைதான்.

சாதாரண ரத்தக்கட்டுக்கு முதல் ஓரிரு நாள் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடமும் ஓய்வும் போதும். அழுத்தி உருவிவிட்டால் கசிவு கூடும். பிறர் அடித்ததால் வந்த காயமென்றால், தடம் மறைவதற்குள் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். மருத்துவர் அதில் எழுத வேண்டியது காயத்தின் இடம், அளவு, வடிவம், வீக்கம், வலி; அளவுகோலோடு எடுத்த படமும் சேரவேண்டும். நிறத்தைக் கண்ணுக்குத் தெரிந்தவாறே குறிக்கலாம், அதிலிருந்து நாள் கணக்கை மட்டும் வருவிக்கக் கூடாது. பாடநூல்களும் அந்த அட்டவணைக்குப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும்.