நிமிடக் கணக்கு முடிவுக்கு வந்த விதம்

தொண்ணூறுகளின் இறுதியில் லண்டனில் குடியேறியிருந்த எமது உறவினர் ஒருவரின் வீட்டில் கணினிக்கு அருகே சிறிய மணிக்கூடு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. முட்டை அவிப்பதற்கு நேரம் பார்க்கும் சமையலறை மணிக்கூடுதான் அது. இணையத்தில் நுழையும் எவரும் அதனைப் பதினைந்து நிமிடங்களுக்கு முடுக்கிவிட்டே நுழைய வேண்டும் என்பது அவ்வீட்டின் விதி. கடிதங்களை முதலில் தட்டச்சுச் செய்து வைத்துக்கொண்டு, பின்னர் இணைப்பை ஏற்படுத்தி, அனுப்பியவுடன் துண்டித்துவிடுவார்கள். ஊர்ச் செய்திகள் வரும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துவிட்டு, இணைப்பைத் துண்டித்த பின்னரே ஆறுதலாக இருந்து வாசிப்பார்கள். அதே காலத்தில் டொரொன்டோவில் வாழ்ந்த அவரது சகோதரியின் வீட்டிலோ மாலையில் இணைந்த மொடெம் நள்ளிரவு வரை இணைந்தபடியே இருந்தது. இரு குடும்பங்களின் வருமானத்திலும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. வேறுபாடு தொலைபேசிக் கட்டண முறையில் இருந்தது.

இன்றைய இளைய தலைமுறையினருக்கு இது சற்று விளக்கப்பட வேண்டிய விடயமாகும். அக்காலத்தில் இணையத்துக்கெனத் தனியான கம்பி வீட்டுக்கு வரவில்லை. கணினியுடன் இணைக்கப்பட்ட மொடெம், சாதாரண தொலைபேசிக் கம்பியூடாக, இணையச் சேவை வழங்கும் நிறுவனமொன்றின் இலக்கத்தை அழைக்கும். கிறீச்சிடும் ஒலி சிறிது நேரம் கேட்கும். பின்னர் விநாடிக்கு அதிகபட்சம் 56 கிலோபிற் வேகத்தில் தொடர்பு கிடைக்கும். தொலைபேசி நிறுவனத்தைப் பொறுத்தவரை அது ஓர் உள்ளூர் அழைப்பு மாத்திரமே. ஆகவே பாவனையாளர் இரண்டு கட்டணங்களைச் செலுத்த வேண்டியிருந்தது. ஒன்று இணையச் சேவை நிறுவனத்துக்குரிய சந்தா, மற்றையது தொலைபேசி அழைப்புக்கான கட்டணம். இலங்கையிலும் நிலைமை இவ்வாறே இருந்தது என்பதை அக்காலத்தில் தொலைபேசிப் பில்லைக் கண்டு திகைத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தொலைபேசிக்கான மாத வாடகையைச் செலுத்திவிட்டால், பெரும்பாலான இடங்களில் உள்ளூர் அழைப்புகளுக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. இணையம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே நிலைபெற்றுவிட்ட வழக்கம் அது. அமெரிக்காவில் இதற்கு மற்றொரு காரணமும் துணைநின்றது. 1983 ஆம் ஆண்டில் அந்நாட்டின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, கணினி வழிச் சேவைகளை வழங்கும் நிறுவனங்கள் உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்களுக்கு நிமிடக் கணக்கில் அணுகற் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என விலக்களித்தது. 1987 இல் அவ்விலக்கை நீக்கும் யோசனை முன்வைக்கப்பட்டபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பவே, அடுத்த ஆண்டில் அது கைவிடப்பட்டது. (‘மொடெமுக்கு வரி வரப்போகிறது’ என்ற வதந்தி அதன் பின்னரும் பல்லாண்டுகள் உலாவியது வேறு கதை.) அந்த விலக்கு நீக்கப்பட்டிருந்தால் அமெரிக்க இணையத்தின் வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அங்கு எஞ்சியிருந்த தடை சேவை நிறுவனங்களின் மணித்தியாலக் கட்டணமே. ஏ.ஓ.எல். நிறுவனம் ஐந்து மணித்தியாலங்களுக்கு 9.95 டொலரும் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 2.95 டொலரும் அறவிட்டு வந்தது. போட்டி நிறுவனங்கள் மாதாந்த நிலையான கட்டணத்துக்கு மாறியதால், 1996 டிசெம்பர் முதலாந் திகதி அதுவும் 19.95 டொலருக்கு வரையறையற்ற சேவையை அறிவித்தது. விளைவு எவரும் எதிர்பாராத அளவுக்கு இருந்தது. எழுபது இலட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்கள் மணிக்கூட்டைப் பார்க்காமல் இணைப்பில் தங்கத் தொடங்கினர். மற்றவர்களுக்குக் கிடைத்தது ‘தொடர்பு பாவனையில் உள்ளது’ என்னும் ஒலி மாத்திரமே. ஒருமுறை இணைப்புக் கிடைத்தவர் மீண்டும் கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சத்தில் அதனை விடாமல் வைத்திருந்தமை நெரிசலை மேலும் அதிகரித்தது. வழக்குகள் தொடரப்பட்டன. 1997 ஜனவரியில் பல மாநிலங்களின் சட்டமா அதிபர்களுடன் உடன்பாட்டுக்கு வந்த நிறுவனம், பாதிக்கப்பட்டோருக்குப் பணத்தை மீளளிக்கவும் விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளவும் இணங்கியது.

பிரித்தானியாவின் நிலைமை முற்றிலும் வேறானது. அங்கு உள்ளூர் அழைப்புகளும் நிமிடக் கணக்கிலேயே அறவிடப்பட்டன. 1999 ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் ரெலிகொம் நிறுவனம் உள்ளூர் அழைப்புக்கு, பகலில் நிமிடத்துக்குச் சுமார் 4 பென்ஸும், மாலையிலும் இரவிலும் சுமார் ஒன்றரைப் பென்ஸும், வார இறுதியில் ஒரு பென்ஸும் அறவிட்டது. கேட்பதற்கு அற்பத் தொகையாகத் தோன்றும். ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலங்கள் இணையத்தைப் பயன்படுத்தினால், கழிவுகளைச் சேர்க்காமல், மாதமொன்றுக்கு ஏறத்தாழ 49 பவுண் அழைப்புக் கட்டணமாகிவிடும். பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் இல்லத்தரசிகள், முதியோர், வேலை தேடுவோர் ஆகியோரின் நிலையோ இன்னும் மோசம். அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் 2 பவுண் 40 பென்ஸாக இருந்தது. இணையத்தால் அதிக நன்மை பெறக்கூடியவர்களுக்கே அது அதிக விலைக்கு விற்கப்பட்டது.

1998 செப்டெம்பரில் டிக்சன்ஸ் என்ற மின்சாதன விற்பனை நிறுவனம் ‘ஃபிரீசேர்வ்’ என்னும் சேவையைத் தொடங்கியபோது, நிவாரணம் வந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். மாதச் சந்தாவே இல்லை. கடையிலிருந்து இறுவட்டை இலவசமாக எடுத்துச் சென்றாற் போதும். சில மாதங்களிலேயே நாட்டின் மிகப் பெரிய சேவையாக வளர்ந்த அது, 1999 ஜூலையில் பங்குச் சந்தையிலும் நுழைந்தது. ஆனால் இந்த ‘இலவசம்’ எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாவனையாளர் செலுத்திய அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு, அழைப்பைப் பெற்றுக்கொண்ட தரப்புக்குச் சென்றது. நீங்கள் எவ்வளவு நேரம் இணைப்பில் இருக்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்நிறுவனத்துக்கு வருமானம். சந்தா ஒழிந்தது, நிமிடக் கணக்கு ஒழியவில்லை. ஒழியாமலிருப்பதில் நலன் கொண்ட தரப்புகள் முன்னரிலும் அதிகரித்தன.

நிமிடக் கணக்கின்றி உள்ளூர் அழைப்பு வழங்குவது சாத்தியமில்லை என்ற வாதம் அக்காலத்தில் பலமாக முன்வைக்கப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. தொலைபேசி இணைப்பகங்கள் சில நிமிடங்கள் பேசிவிட்டு வைத்துவிடும் மனிதர்களைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ஆயிரம் வீடுகளுக்கு ஆயிரம் பாதைகள் அங்கு இருப்பதில்லை. மணிக்கணக்கில் தொடரும் மொடெம் அழைப்பு, ஒரு சொல்லும் கடக்காத வேளையிலும் ஒரு பாதையை முழுமையாக அடைத்துக்கொண்டிருக்கும். ஆயினும், சாத்தியமில்லை என்பதற்கு மறுப்பு அந்நாட்டிலேயே இருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹல் நகரில் 1904 முதல் நகரசபையே தொலைபேசிச் சேவையை நடத்தி வந்தது. அதன் வழிவந்த கிங்ஸ்டன் நிறுவனம், உள்ளூர் அழைப்பொன்றுக்கு, அது எவ்வளவு நேரம் நீடித்தாலும், 6 பென்ஸுக்கும் குறைவான ஒரே கட்டணத்தையே அறவிட்டது. நாட்டின் ஏனைய நகரங்களில் மணிக்கூட்டுடன் போராடியவர்கள் ஹல் வாசிகள் மீது பொறாமை கொண்டதில் வியப்பில்லை.

2000 ஆம் ஆண்டு, வாக்குறுதிகளின் ஆண்டாக அமைந்தது. மார்ச் மாதத்தில் அல்டாவிஸ்டா நிறுவனம் ஆண்டுக்கு மிகச் சிறிய தொகைக்கு வரையறையற்ற இணைப்பு வழங்கப்போவதாக அறிவித்தபோது இலட்சக்கணக்கானோர் பெயர் பதிந்தனர். பிரீத் என்ற நிறுவனம் 50 பவுண் செலுத்தினால் ஆயுள் முழுவதும் இணைப்பு என்றது. ஓகஸ்ட் மாதத்தில் அல்டாவிஸ்டாவின் சேவை ஆரம்பிக்கப்படவே இல்லை என்பது வெளியாகி, அதன் பிரித்தானிய முகாமைத்துவப் பணிப்பாளர் பதவி விலகினார். பிரீத் நிறுவனம் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூறி நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றியது. ஆண்டு முடிவதற்குள் நிறுவனமே நொடித்துப்போனது. அதன் வாடிக்கையாளர்களின் ‘ஆயுள்’ ஒரு வருடத்தைக்கூடக் காணவில்லை.

இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது இலகு. ஆனால் தோல்விக்கான காரணம் வேறிடத்தில் இருந்தது. சேவை நிறுவனம் தனது வாடிக்கையாளரிடம் மாதக் கணக்கில் பணம் பெற்றது. ஆனால் வீட்டிலிருந்து இணைப்பகத்துக்கும் அங்கிருந்து தனது கணினிகளுக்கும் அழைப்பைக் கொண்டுவருவதற்கு நிமிடக் கணக்கிலேயே பணம் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மொத்த விலை நிமிடத்துக்கு அரைப் பென்ஸ் எனக் கொண்டால், மாதம் 60 மணித்தியாலங்கள் பயன்படுத்துபவருக்காக நிறுவனம் செலுத்துவது 18 பவுண். அவரிடமிருந்து பெறுவது 10 பவுண் எனின், நல்ல வாடிக்கையாளர் எவரோ அவரே நட்டத்துக்குக் காரணமாகிறார். விளம்பர வருமானம் இந்த இடைவெளியை நிரப்பும் என நம்பியிருந்தார்கள். அவ்வாண்டில் இணைய நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்தபோது அந்நம்பிக்கையும் சரிந்தது.

ஆக, விலையைத் தீர்மானித்த இடம் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத மொத்த விற்பனைச் சந்தையாகும். 2000 ஆம் ஆண்டின் முற்பகுதியில் எம்.சி.ஐ. வேர்ள்ட்கொம் நிறுவனம் இதனையே சுட்டிக்காட்டி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்டெலிடம் முறைப்பாடு செய்தது. பிரிட்டிஷ் ரெலிகொம் தனது சொந்த வாடிக்கையாளருக்கு ‘சேர்ஃப்டைம்’ என்ற பெயரில் நிலையான கட்டணத் திட்டத்தை ஆயத்தப்படுத்திக் கொண்டிருந்த வேளை அது. தனக்கு ஒரு முறை, போட்டியாளருக்கு வேறொரு முறை என்பது நியாயமாகுமா என்பதே கேள்வி. மே மாதத்தில் ஒஃப்டெல் தீர்ப்பளித்தது. போட்டி நிறுவனங்களுக்கு நிமிடங்களை விற்பதற்குப் பதிலாக, இணைப்பகத்தின் பாதைக் கொள்ளளவை ஆண்டுக்கான நிலையான கட்டணத்துக்கு பிரிட்டிஷ் ரெலிகொம் வழங்க வேண்டும் என்பதே அதன் சாராம்சம். ‘ஃபிரையாகோ’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பொதுமக்களுள் மிகச் சிலரே அறிந்திருந்தனர். பத்திரிகைகள் அல்டாவிஸ்டாவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதியைக்கூட இதற்கு ஒதுக்கவில்லை. நாமும் அதே தொழிலைச் செய்பவர்கள் என்ற வகையில் இதனைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை.

தொடக்கத்தில் இந்த ஏற்பாடு உள்ளூர் இணைப்பக மட்டத்துக்கு மாத்திரமே பொருந்தியதால், போட்டி நிறுவனங்கள் நாடெங்குமுள்ள நூற்றுக்கணக்கான இணைப்பகங்களுடன் தனித்தனியே இணைய வேண்டியிருந்தது. 2001 பெப்ரவரியில் மேல்மட்ட இணைப்பகங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதற்கிடையில், 2000 செப்டெம்பரில், ஏ.ஓ.எல்.லின் பிரித்தானியக் கிளை மாதம் 14.99 பவுணுக்கு வரையறையற்ற இணைப்பை வழங்கத் தொடங்கிவிட்டது. மேலே கூறிய 49 பவுணுடன் இதனை ஒப்பிட்டால், ஒரு குடும்பத்துக்கு அத்தீர்ப்பின் பெறுமதி விளங்கும்.

ஏனைய நாடுகள் வெவ்வேறு பாதைகளில் சென்றன. ஜப்பானில் 1995 முதல் இரவு 11 மணி தொடக்கம் காலை 8 மணி வரை மாதக் கட்டணத்தில் அழைக்கும் திட்டமொன்று இருந்தது. பதினொரு மணி அடித்ததும் நாடே இணைப்புக்கு முண்டியடித்தது என்று கூறுவார்கள். ஸ்பெயினில் 1998 செப்டெம்பர் 3 ஆம் திகதி பாவனையாளர்கள் இணைய வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினர். அங்கு முடிவைத் தந்தது அரசாங்கத்தின் கட்டளையே. 2000 நவம்பர் முதல் 2,750 பெசெற்றா மாதக் கட்டணத்தில், வார நாட்களில் மாலை 6 மணி தொடக்கம் காலை 8 மணி வரையும் வார இறுதி முழுவதும் இணையலாம் என அது விதித்தது. பகற்பொழுது அதில் அடங்கவில்லை.

‘வரையறையற்ற’ என்னும் சொல்லையும் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு பாதை போதும் என்ற சராசரிக் கணக்கின் மீதே இத்திட்டங்கள் அனைத்தும் நின்றன. பத்துப் பேரும் ஒரே வேளையில் வந்தால் கணக்குப் பிழைக்கும். குறைவாகப் பயன்படுத்துவோரே அதிகமாகப் பயன்படுத்துவோரின் செலவைச் சுமந்தனர். எனவேதான் பல நிறுவனங்கள் இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இணைப்பைத் தாமாகவே துண்டித்தன. மீண்டும் அழைக்கலாம், ஆனால் அழைக்க வேண்டும். இன்று ‘அன்லிமிட்டெட்’ என விற்கப்படும் பொதிகளின் அடிக்குறிப்பில் ‘நியாயமான பாவனைக் கொள்கை’ என்று சிறிய எழுத்தில் காணப்படுவது இத்துண்டிப்பின் வாரிசேயாகும். சந்தாவைச் செலுத்துவதற்கு முன்னர் அந்தச் சிறிய எழுத்தை வாசிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அகலப்பட்டை இணைப்பு பரவியபோது தொலைபேசி வழி இணைப்பு மெல்ல மெல்ல ஓய்ந்தது. பிரிட்டிஷ் ரெலிகொம் 2013 இலும், அமெரிக்காவில் ஏ.ஓ.எல். 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதியும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. லண்டன் உறவினர் 2001 இல் நிலையான கட்டணத் திட்டமொன்றில் இணைந்துகொண்டார். அதன் பின்னரும் கணினிக்கு அருகிலிருந்த மணிக்கூடு அகற்றப்படவில்லை. இரண்டு மணித்தியாலத் துண்டிப்பு நெருங்குவதை அறிந்து, பாதி எழுதிய கடிதத்தைச் சேமித்து வைப்பதற்காக அதனை இப்போது நூற்றிப் பத்து நிமிடங்களுக்கு முடுக்குவதாக அவர் எழுதியிருந்தார்.